சூட்டிக்கு ஆகாத சோறு

வட்டகொடைக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில், சாப்பிடாத பிள்ளையைச் சாப்பிட வைக்கத் தெரிந்தவர் யார் என்று கேட்டால் எல்லா லயத்துச் சனமும் ஒரே பெயரைத்தான் சொல்லும். ஜீவராணி. பிள்ளைக்காம்பராவில் ஆயாவாக இருப்பவள். காலையில் பேர் பதியும் பெரட்டுக்குப் போகும் வழியில் தாய்மார் பிள்ளைகளைக் கொண்டுவந்து இவளிடம் இறக்கிவிட்டுக் கொழுந்து பறிக்கப் போவார்கள். அந்தியில் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து தூக்கிக்கொண்டு போவார்கள். இடைப்பட்ட பொழுது முழுவதும் அவை ஜீவராணியின் பிள்ளைகள். வாயை இறுக்கி மூடிக்கொள்ளும் பிள்ளை, சோற்றைக் கன்னத்தில் அடக்கிவைத்துக்கொண்டு சுவரைப் பார்க்கும் பிள்ளை, அம்மாவின் கையைத் தவிர வேறு கையில் வாங்காத பிள்ளை, எல்லாம் இவளிடம் வந்து நாலு நாள் இருந்தால் தட்டை வழித்துவிடும். அதற்கென்று மந்திரம் ஒன்றும் இல்லை. பக்கத்தில் உட்காருவாள், தானும் ஒரு வாய் சாப்பிடுவாள், பிள்ளையைப் பார்க்கவே மாட்டாள். பிள்ளை தானாக வாயைத் திறக்கும்.

கல்யாணம் ஆகவில்லை. பேச்சு வராமல் இல்லை. வந்த காலத்தில் அம்மா பாயோடு கிடந்தாள், அவளை விட்டுவிட்டு எங்கே போவது என்று இவள் தட்டிக்கழித்தாள். அம்மா போன பிறகு பேச்சும் நின்றுவிட்டது. ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருக்கிறாள். லயத்து வீட்டு வரிசையில் கோடிக் காம்பரா அவளுடையது. தனியாகத்தான் இருக்கிறாள் என்று சொன்னால் கோபம் வரும். "தனியா எங்க இருக்கேன்? சூட்டி இருக்குல்ல?" என்பாள்.

சூட்டி ஒரு நாய். செம்மண் நிறம், ஒரு காது மட்டும் மடிந்திருக்கும். யாரோ மரக்கறி லொறியில் கொண்டுவந்து தோட்டத்துச் சந்தியில் விட்டுவிட்டுப் போன குட்டி. பிள்ளைக்காம்பராவில் பிள்ளைகள் சிந்தும் சோற்றுக்கு எல்லா லயத்து நாயும் வரும். தின்றுவிட்டு வந்த வழியே போய்விடும். சூட்டி மட்டும் தின்றுவிட்டுப் போகாமல் நின்றது. அந்தி சாய்ந்ததும் எல்லாப் பிள்ளையும் அதனதன் அம்மா இடுப்பில் ஏறிக்கொண்டு போகும். "ஆயாவுக்கு டாட்டா சொல்லு" என்று தாய்மார் சொல்வார்கள், பிள்ளைகளும் சொல்லும், திரும்பிப் பார்க்காமல். அந்த நேரம் ஒவ்வொரு நாளும் ஜீவராணிக்கு நெஞ்சுக்குள் என்னவோ செய்யும். எத்தனை வருஷம் ஆனாலும் பழகாத வலி அது. சூட்டி வந்த பிறகு அந்த வலி பாதியாய்க் குறைந்தது. கதவைப் பூட்டிக்கொண்டு இவள் நடக்க ஆரம்பித்தால் பின்னாலேயே ஒன்று நடந்து வரும். அந்தப் பிள்ளைக்காம்பராவிலிருந்து இவளோடு வீட்டுக்கு வந்த ஒரே பிள்ளை அதுதான்.

நாய்க்குச் சாப்பாடு என்று தனியாக ஒன்று இருப்பதை அந்தத் தோட்டத்தில் யாரும் யோசித்ததில்லை. நுவரெலியாக் கடைகளில் பையில் அடைத்து விற்பார்கள், பங்களா நாய்களுக்கு வாங்குவார்கள். லயத்து நாய் மனிதர் தின்று மிஞ்சியதைத் தின்னும். சூட்டியும் அப்படித்தான் வளர்ந்தது. சோறு, பருப்பு, ரொட்டித் துண்டு, அதிர்ஷ்டம் இருந்தால் கருவாட்டுத் தலை. கருவாடு என்றால் அதற்கு உயிர். கடையிலிருந்து கருவாட்டுப் பொட்டலம் வரும் அன்றைக்கு லயத்து வாசலிலேயே காத்துக்கிடக்கும்.

வயது போன காலத்தில் அது இரும ஆரம்பித்தது. பனிக்கு வந்த இருமல் என்று ஜீவராணி கொத்தமல்லி அவித்து ஊற்றிப் பார்த்தாள். பிறகு வயிறு பெருத்தது. பக்கத்துக் காம்பராச் சுலக்ஷனா அதைப் பார்த்துவிட்டு, "குட்டி போடப் போகுது போல ராணியக்கா, பழைய சாக்கு ஒன்னு எடுத்து வைங்க" என்றாள். இவளும் எடுத்துவைத்தாள். இந்த வயதில் குட்டியா என்று லயமே சிரித்தது. நாள் போயிற்று, குட்டியும் வரவில்லை, வயிறும் வற்றவில்லை. படியேறினால் சூட்டிக்கு மூச்சு வாங்கியது. ஒரு நாள் பிள்ளைக்காம்பராவுக்குப் போகும் வழியில் பாதியில் உட்கார்ந்துகொண்டு, நீ போ, நான் வரவில்லை என்பதுபோல இவளைப் பார்த்தது. அன்றைக்குத்தான் ஜீவராணிக்குப் பயம் வந்தது.

மாட்டு டொக்டர் பால் சேர்க்கும் இடத்துக்கு வரும் நாளில் சூட்டியைத் தூக்கி ஆட்டோவில் போட்டுக்கொண்டு போனாள். ஆட்டோ சதீஸ்குமாருடையது. இவள் ஊட்டி வளர்த்த பிள்ளைதான். இன்றைக்கு மீசை வைத்துக்கொண்டு இவளையே கிண்டல் பண்ணுகிறான். "நான் வேணா உள்ள வரட்டுமாக்கா, டொக்டர் நோனாவுக்குத் தமிழ் வராது" என்றான்.

"எனக்கு சிங்களம் தெரியாதுன்னு யாரு சொன்னா? நீ ஆட்டோவப் பாத்துக்க" என்றாள் ஜீவராணி.

அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட வரும் மிட்வைஃப் அம்மாவோடு, சிங்களத்தில் நோனாவோடு, பேசிப் பேசிப் பிடித்துக்கொண்ட சிங்களம். காய்ச்சல், இருமல், வயிற்றோட்டம், காலையில் ஒரு மாத்திரை, இரவில் ஒரு மாத்திரை, இதெல்லாம் தண்ணீர்பட்ட பாடு. லயத்தில் யாரையாவது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டுமென்றால், "ராணியக்கா, கொஞ்சம் கூட வாங்களேன், சிங்களத்துல சொல்றது ஒன்னும் வெளங்கமாட்டேங்குது" என்று இவளைத்தான் கூப்பிடுவார்கள். நல்ல சேலை ஒன்று கட்டிக்கொண்டு போவாள். ஆனால் கடைச் சாமான் எல்லாம் அவள் வாழ்நாள் முழுக்கத் தமிழ் முதலாளிமார் கடையில் தமிழில் கேட்டு வாங்கியவள். அடுப்படிச் சிங்களம் அவளுக்குப் பழக்கமே இல்லை.

டொக்டர் நோனா சின்ன வயது, பொறுமையான பிள்ளை. சூட்டியின் நெஞ்சில் குழாய் வைத்து நெடுநேரம் கேட்டார். வயிற்றைத் தட்டிப் பார்த்தார். இருதயத்தில் வருத்தம், அதனால் வயிற்றில் தண்ணீர் சேர்கிறது, தண்ணீர் போக மாத்திரை தருகிறேன், தவறாமல் கொடுங்கள் என்றார். ஜீவராணிக்கு எல்லாம் விளங்கியது. கடைசியாக, சாப்பாட்டில்தான் கவனம் என்று விரலை உயர்த்திச் சொன்னார்.

"லுனு தான்ன எப்பா. பொட்டக்வத் எப்பா."

லுனு போடக் கூடாது, கொஞ்சங்கூடக் கூடாது. ஜீவராணி தலையை ஆட்டினாள். லுனு என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியாதா? சிங்கள வருஷப் பிறப்புக்கு மிட்வைஃப் நோனா பாற்சோறு கொண்டுவந்து கொடுக்கும்போது கூடவே சிவப்பாய் ஒரு சம்பல் இருக்கும். அதற்குப் பெயர் லுனுமிரிஸ். மிரிஸ் என்றால் மிளகாய். மிளகாயோடு இடித்துப்போட்டிருப்பது வெங்காயம். அப்படியானால் லுனு என்றால் வெங்காயம். பெரிய வெங்காயத்தைச் சிங்களச் சனம் லொக்கு லூனு என்று சொல்வதையும் இவள் சந்தையில் காதால் கேட்டிருக்கிறாள். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

லுனு என்றால் உப்பு. லூனு என்றால்தான் வெங்காயம். குறிலுக்கும் நெடிலுக்கும் உள்ள வித்தியாசம். பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுக்கிறவளின் காதில் அந்த ஒரு மாத்திரை விழாமல் போயிற்று. சம்பலிலும் உப்பு இருக்கத்தான் செய்தது. ஆனால் உப்பை யார் கண்ணால் பார்த்தார்கள்?

அன்றிலிருந்து சூட்டியின் தட்டில் வெங்காயம் விழவில்லை. ஜீவராணி ஒரு காரியத்தைப் பிடித்தால் உடும்புப் பிடிதான். தன் கறிக்கே வெங்காயம் போடுவதை விட்டுவிட்டாள், கைதவறி விழுந்துவிடுமோ என்ற பயம். மிச்சச் சோறு கொண்டுவருகிறவர்களிடம், "வெங்காயம் இருக்கா, பாத்துக் குடு" என்று கேட்டு, நம்பாமல் தானே கிளறிப் பார்ப்பாள். சுலக்ஷனா வாசலில் உட்கார்ந்து பருப்பிலிருந்து வெங்காயத் துண்டுகளைப் பொறுக்கி எடுப்பாள். பிள்ளைக்காம்பராவில் பிள்ளைகளுக்கு அது பாட்டாகிவிட்டது. "சூட்டிக்கு வெங்காயம் ஆகாது, ஆகாது" என்று கைதட்டிப் பாடிக்கொண்டே சோறு தின்றன.

சதீஸ்குமார் விடுவானா? "என்னாக்கா, வெங்காயம் இல்லாம சமைக்கிறீங்களாமே. சூட்டி ஐயரு வீட்டு நாயாயிருச்சா? கருவாடு திங்கிற ஐயர நான் பாத்ததில்ல."

"போடா. அது உசுரோட இருந்தா போதும்" என்றாள்.

மாத்திரை வேலை செய்தது. வயிறு கொஞ்சம் வற்றியது, சூட்டி மறுபடியும் பிள்ளைக்காம்பரா வரைக்கும் நடந்தது. வெங்காயத்தை நிறுத்தியதால்தான் என்று ஜீவராணி தோட்டம் முழுக்கச் சொல்லிவைத்தாள். ஆனால் அதற்குச் சாப்பாட்டில் மனம் இல்லை. முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பும். சாப்பிடாத பிள்ளையைச் சாப்பிட வைக்கத் தெரிந்தவளுக்கு இது பெரிய காரியமா? நெத்தலியைப் பொரித்து நொறுக்கிச் சோற்றில் பிசைந்தாள். சூப் கட்டி கரைத்து ஊற்றினாள். கிறீம் கிறேக்கர் பிஸ்கட்டை நனைத்துக் கொடுத்தாள். கட்டாக் கருவாட்டைச் சுட்டு, முள்ளெடுத்து, ஒரு கல் உப்பும் சேர்த்து ஊட்டினாள். சூட்டி தின்றது. தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்தது, குடித்துக்கொண்டே இருந்தது. அது தின்பதைப் பார்க்க இவளுக்கு வயிறு நிறைந்தது. அதைக் கொல்லும் சோற்றைத்தான் அவ்வளவு பாசத்தோடு உருட்டி உருட்டி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

வயிறு திரும்பவும் பெருத்தது. மறுபடியும் டொக்டர் நோனாவிடம் போனார்கள். லுனு கொடுக்கிறீர்களா என்று அவர் கேட்டார். ஜீவராணி நிமிர்ந்து நின்று, "லுனு பொட்டக்வத் நே, நோனா" என்றாள். துளிகூட இல்லை. "பொஹோம ஹொந்தய்" என்று டொக்டர் பாராட்டி, இவ்வளவு கவனமாகப் பார்த்தும் தண்ணீர் சேர்கிறதே என்று வருத்தப்பட்டு, மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தார். இருவருக்கும் திருப்தி. ஒருத்தி உப்பைப் பற்றிக் கேட்டாள், மற்றவள் வெங்காயத்தைப் பற்றிப் பதில் சொன்னாள். இடையில் மேசைமேல் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்த சீவனுக்கு இரண்டு பாஷையும் தெரியாது.

மூன்றாந்தரம் போகும்போது சூட்டியால் ஆட்டோவில் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. உட்கார்ந்தபடியே வந்தது. விலா எலும்பு எண்ணலாம்போல இருந்தது, வயிறு மட்டும் பானைபோல. சதீஸ்குமார் அன்றைக்குக் கிண்டல் ஒன்றும் பண்ணவில்லை. தானே அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தான்.

டொக்டர் நோனாவுக்கு என்னவோ சந்தேகம். என்னென்ன தின்னக் கொடுக்கிறீர்கள், ஒன்றுவிடாமல் சொல்லுங்கள் என்றார். ஜீவராணி ஆசையாகச் சொல்ல ஆரம்பித்தாள். சோறு. பருப்பு. பிஸ்கட். பிறகு, கரவல.

டொக்டர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினார். "கரவல?"

ஆமாம், கருவாடு, தினமும், அது இல்லாவிட்டால் சாப்பிடாது, ஆனால் லுனு மட்டும் போடுவதே இல்லை என்றாள் ஜீவராணி. டொக்டர் இவள் முகத்தையே பார்த்தார். பிறகு சதீஸ்குமாரைப் பார்த்தார். அவன் முகம் செத்துப்போயிருந்தது. அவனுக்கு விளங்கிவிட்டது.

பால் சேர்க்கும் இடத்தின் மூலையில், பசுக்கள் நக்குவதற்குக் கொடுக்கும் உப்புக்கட்டிகள் அடுக்கியிருந்தன. டொக்டர் எழும்பிப் போய் ஒன்றின் மேல் கையை வைத்தார். "மே லுனு," என்றார் மெதுவாக. "லூனு நெவெய், அம்மே."

இதுதான் லுனு. வெங்காயம் இல்லை, அம்மா.

 டொக்டர் நோனா திட்டியிருந்தால்கூட ஜீவராணி தாங்கியிருப்பாள். அந்தப் பிள்ளை திட்டவில்லை. வெங்காயமும் நாய்க்கு நல்லதில்லைதான், அதை நிறுத்தியதில் தப்பில்லை என்று ஆறுதல் சொன்னார். இரண்டாந்தரம் வந்தபோது நானும் இன்னும் விவரமாய்க் கேட்டிருக்க வேண்டும் என்றார். இனிமேல் உப்பே இல்லாமல் கொடுங்கள், மாத்திரையை மாற்றித் தருகிறேன், பார்ப்போம் என்றார். பார்ப்போம் என்ற அந்தச் சொல்லுக்கு எந்தப் பாஷையிலும் என்ன அர்த்தம் என்று ஜீவராணிக்குத் தெரியும். அம்மா கிடந்தபோது எத்தனை டொக்டர்மார் சொல்லிக் கேட்டிருக்கிறாள்.

திரும்பும் வழியில் ஆட்டோ லிந்துலைப் பக்கத்து வளைவுகளில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. சதீஸ்குமார் கண்ணாடியில் பின்னால் பார்த்துவிட்டு, "ஒரு எழுத்துதானேக்கா. யாருக்கும் வரும்" என்றான்.

"நானே என் கையால போட்டேன் சதீசு" என்றாள். "நல்லா திங்குது, நல்லா திங்குதுன்னு சந்தோசப்பட்டுப் போட்டேன். உப்புக் கல்லு வேற தனியா போட்டேன்."

 சூட்டி அவள் மடியில் முகவாயை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதற்கு இவள் மேல் எந்தக் கோபமும் இல்லை என்பதுதான் அவளை அழவைத்தது.

சங்கதி லயத்தில் பரவாமல் இருக்குமா? சிலர் பாவம் என்றார்கள். சிலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வெங்காயத்தைப் பொறுக்கிப் பொறுக்கி என் விரல் காந்தினதுதான் மிச்சம் என்று சுலக்ஷனா சொன்னாள். வேண்டுமென்று சொல்லவில்லை, வாய் தவறி வந்துவிட்டது. பிள்ளைகளுக்கு யாரும் விஷயத்தைச் சொல்லவில்லை. அவை வெங்காயப் பாட்டையே பாடிக்கொண்டிருந்தன. ஜீவராணி முதல்தடவையாக, "பேசாம சாப்பிடுங்க" என்று அதட்டினாள். பிள்ளைகள் பயந்துபோய்ப் பார்த்தன.

அந்த வாரம் சுலக்ஷனாவின் அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் கிளினிக். வழக்கம்போலச் சுலக்ஷனா வந்து நின்றாள். "நாளைக்கு காலையில கூட வாறீங்கதானே ராணியக்கா?"

"எனக்கு சிங்களம் தெரியாது புள்ள" என்றாள் ஜீவராணி.

சுலக்ஷனா விளையாட்டென்று நினைத்துச் சிரித்தாள். இவள் சிரிக்கவில்லை. "சதீச கூட்டிக்கிட்டுப் போ. அவனுக்கு நல்லா தெரியும். டொக்டர் என்னா சொன்னாலும் ரெண்டு தரம் கேக்கச் சொல்லு." சுலக்ஷனா போன பிறகும் அவள் வாசலிலேயே நின்றாள். எத்தனை பேரோடு எத்தனை டொக்டர் முன்னால் நின்று, அவர் இப்படிச் சொல்கிறார், அவர் அப்படிச் சொல்கிறார் என்று சொல்லியிருப்பாள். அதில் எதெல்லாம் சரி, எதெல்லாம் பிழை என்று இனி யாரிடம் போய்க் கேட்பது? அந்த நினைப்பு வந்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நல்ல சேலையை மறுபடியும் அவள் எடுத்துக் கட்டவில்லை.

இனிமேல் சரியான சாப்பாடுதான் கொடுப்பது என்று மனதைக் கட்டிக்கொண்டாள். கருவாட்டுப் பொட்டலத்தைச் சுலக்ஷனாவிடம் கொடுத்துவிட்டாள். சூப் கட்டி, பிஸ்கட் எல்லாம் வீட்டைவிட்டுப் போயிற்று. உப்பில்லாமல் கோழி ஈரலை அவித்து மசித்தாள். முட்டை அவித்தாள். பூசணிக்காயும் சோறும் குழைய வேகவைத்தாள். டவுனிலிருந்து சதீஸ்குமார் பச்சை மீன் வாங்கிவந்து கொடுத்தான், அதையும் வெறும் தண்ணீரில் அவித்து முள்ளெடுத்துப் பிசைந்தாள். எல்லாம் நோய்க்குச் சரியான சாப்பாடு. டொக்டரே பார்த்திருந்தால் மெச்சியிருப்பார். சூட்டி முகர்ந்து பார்த்தது, இவளைப் பார்த்தது, தலையைத் தரையில் வைத்துக்கொண்டது.

அதற்குக் கோபம் இல்லை, அடம் இல்லை. ஏதோ பிழை நடந்துவிட்டது, உண்மையான தட்டு பின்னால் வரும் என்று காத்திருப்பதுபோல இருந்தது. காலமெல்லாம் ஒரு ருசியைக் காட்டி வளர்த்துவிட்டு, சாகப்போகும் நேரத்தில் அதை நிறுத்தினால் அந்தச் சீவன் என்ன செய்யும்? பழக்கியது யார்? ஜீவராணிதான்.

தனக்குத் தெரிந்த ஒரே வித்தையைச் செய்து பார்த்தாள். அதே உப்பில்லாச் சோற்றைத் தன் தட்டிலும் போட்டுக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்து, அதைப் பார்க்காமல் சாப்பிட்டாள். வாயில் வைக்க முடியவில்லை. விழுங்கினாள். "ஆயா சாப்பிடுறேன் பாரு" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். காலையிலும் அந்தியிலும் அதுவே. எத்தனையோ பிள்ளைகளின் வாயைத் திறக்கவைத்த வித்தை. சூட்டி மரியாதைக்கு ஒரு வாய் எடுக்கும், மென்று, நாக்கால் வெளியே தள்ளிவிடும். இவள் தட்டு மட்டும் காலியாகும்.

புது மாத்திரையையும் வயிறு கேட்கவில்லை. விரலை வைத்து அழுத்தினால் பின்னங்காலில் குழி விழுந்தது. படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே தூங்கி, தூக்கத்தில் சாய்ந்து, திடுக்கிட்டு எழும்பும். ஜீவராணி ஒரு தலையணையை அதன் நெஞ்சுக்கு அண்டக் கொடுத்தாள். அம்மாவுக்கு வைத்த தலையணை. பிள்ளைக்காம்பராவுக்கு லீவு சொல்ல முடியாது, பிள்ளைகள் வந்துவிடும்; சதீஸ்குமார் காலையில் சூட்டியை ஆட்டோவில் கொண்டுபோய் அங்கே இறக்கிவிடுவான், அந்தியில் திரும்பக் கொண்டுவந்து விடுவான். கேட்காமலேயே செய்தான்.

ஒரு பின்னேரம் பிள்ளைகளெல்லாம் போன பிறகு, "டொக்டர் நோனாவுக்கு போன் பண்ணு, நீயே பேசு" என்றாள் அவனிடம். அவன் பேசினான். இவள் பக்கத்தில் நின்று அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். முன்னாலே என்றால் அவன் பேசுவதில் பாதியாவது தனக்கு விளங்குகிறது என்று நம்பியிருப்பாள். இப்போது ஒரு சொல்லும் விளங்காதவள்போல நின்றாள்.

அவன் போனைச் சட்டைப் பையில் போட்டான்.

"என்னா சொல்றாங்க?"

"இனி ஒன்னும் செய்ய ஏலாதாம்க்கா. இருதயம் நல்லா களைச்சிருச்சாம். ரொம்பக் கஷ்டப்பட்டா ஊசி போட்டு அனுப்பிரலாமாம், நீங்க சொன்னா வந்து போடுறாங்களாம்."

"சாப்பாடு?"

"எது திங்குதோ அதக் குடுக்கட்டும்னாங்க. பட்டினியா கெடக்க விடவேணாமாம்."

"எது திங்குதோன்னா?"

"எதுன்னாலும்."

"லுனு?" என்று கேட்டாள்.  "தெளிவா சொல்லு. நெடிலா சொன்னாங்களா, குறிலா சொன்னாங்களா?"

"உப்புத்தான்க்கா" என்றான் சதீஸ்குமார், தமிழிலேயே. "நானும் ரெண்டு தரம் கேட்டுட்டேன். உப்பும் போடலாமாம். இனி போட்டாலும் ஒன்னுதான், போடாட்டியும் ஒன்னுதான்னு சொன்னாங்க."

ஊசி வேண்டுமா என்பதற்கு ஜீவராணி அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் சுலக்ஷனாவின் காம்பராவுக்குப் போய்க் கதவைத் தட்டி, "அந்தக் கருவாட்டுல கொஞ்சம் இருந்தா குடு புள்ள" என்று கேட்டாள். சுலக்ஷனா என்ன ஏது என்று கேட்காமல் எடுத்துக் கொடுத்தாள்.

கருவாட்டைச் சுட்டதும் வாசம் காம்பரா முழுக்கப் பரவியது. மூலையில் தலையணைமேல் சாய்ந்திருந்த சூட்டி தலையைத் தூக்கியது. மடிந்த காது அசைந்தது. எழும்ப எத்தனித்து, முடியாமல், உட்கார்ந்த இடத்திலேயே வாலை ஒருதடவை தரையில் அடித்தது. எவ்வளவோ நாளாக அவள் பார்க்காத வால். அழுகை வந்தது, அடுப்பைப் பார்க்கத் திரும்புவதுபோலத் திரும்பிக்கொண்டாள்.

முள்ளெல்லாம் எடுத்து, சூட்டோடு சோற்றில் போட்டுப் பிசைந்தாள். முன்பு தெரியாமல் போட்டாள். இன்றைக்குத் தெரிந்தே போடுகிறாள். இந்தச் சோறு அதற்குள் போய் என்ன செய்யும், நாளைக்கு மூச்சு எப்படி இழுக்கும் என்பதெல்லாம் இப்போது அவளுக்குத் தெரியும். நோய்க்குச் சரியான சாப்பாட்டை அது தின்னாது. அது தின்னும் சாப்பாடு நோய்க்கு ஆகாது. இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு சாப்பாட்டை அவள் தேடாத இடமில்லை. அப்படி ஒன்று இல்லவே இல்லை.

ஒரு சோற்றுப் பருக்கையை எடுத்துத் தன் நாக்கில் வைத்துப் பார்த்தாள். கொஞ்சம் குறைவாக இருந்தது. உப்புப் போத்தலைத் திறந்து இன்னொரு சிட்டிகை போட்டுப் பிசைந்து, சூட்டியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.